வெறும் வயிறு

“தைராய்டு மாத்திரையை வெறும் வயித்துல போடணும்” என்று டாக்டர் என்னிடம் சொன்னார், நான் அதை அப்படியே தம்பியிடம் சொன்னேன், தம்பி “சரி” என்றான். அடுத்த நாள் காலையிலிருந்து அப்பா மாத்திரையைக் கையில் கொடுத்ததும் பனியனை நெஞ்சு வரைக்கும் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, தொப்பையை ஒரு தடவை தடவிவிட்டு, அப்புறம்தான் வாயில் போடுவான். அவனுக்கு இந்த மாதிரி நூறு பழக்கம் உண்டு, பஸ்ஸில் ஏறினால் டிரைவருக்கு வணக்கம் வைக்காமல் உட்கார மாட்டான், அதில் இது நூற்றியொன்று என்று விட்டுவிட்டோம். வெறும் கால் என்றால் செருப்பில்லாத கால். வெறும் உடம்பு என்றால் சட்டையில்லாத உடம்பு. அப்போ வெறும் வயிறு? அவன் கணக்கு சரியாகத்தான் இருந்தது. எனக்கு அது உறைக்க ஐந்து மாதம் ஆனது.

அந்த ஐந்து மாதமும் மாத்திரைக்கு முன்னால் ஒரு டம்ளர் காபியும் இரண்டு வர்க்கியும் உள்ளே போய்க்கொண்டிருந்தன. ஏனென்றால் அப்பாவிடமும் நான் “வெறும் வயித்துலப்பா” என்று சொல்லியிருந்தேன், அவரும் “சரி” என்றுதான் சொல்லியிருந்தார், ஆனால் எந்த மாத்திரையாக இருந்தாலும் வயிற்றில் ஒன்றுமில்லாமல் போட்டால் புண்ணாகிவிடும் என்பது அவருடைய எழுபது வருட நம்பிக்கை. வீட்டில் இரண்டு பேருக்கும் செய்தி போய்ச் சேரவில்லை. அதில் ஒருவருக்குத்தான் குறைபாடு என்று சான்றிதழ் இருக்கிறது.

தம்பிக்கு இப்போது 36 வயது. டவுன் சிண்ட்ரோம், அதாவது 21-ஆவது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று. ஈரோட்டில் அப்பாவோடு இருக்கிறான், நான் இரண்டு தெரு தள்ளி. அம்மா போய் நான்கு வருடமாகிறது. அம்மா இருந்தவரைக்கும் அவனுக்கு எங்கே வலிக்கிறது என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார், டாக்டர் சொன்னதை அவனுக்குச் சொல்வதும் அவர்தான், எப்படிச் சொன்னார் என்று எங்களில் யாரும் ஒரு நாளும் கவனித்ததில்லை. அவர் போன பிறகுதான் அது ஒரு வேலை என்றே எங்களுக்குத் தெரிந்தது. இதைப் படிக்கிற உங்கள் வீட்டில் அந்த வேலையை ஒரே ஆள் செய்துகொண்டிருந்தால், அவர் எப்படிச் சொல்கிறார் என்பதை இப்போதே பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், முடிந்தால் போனில் பதிந்துவையுங்கள்.

தைராய்டு கண்டுபிடித்ததே தாமதம்தான். தினமும் காலையில் பால் பாக்கெட் வாங்கி வருவது அவன் வேலை, பதினைந்து வருடமாக ஒரு நாள் தவறியதில்லை. திடீரென்று போக மாட்டேன் என்றான். எப்போது பார்த்தாலும் தூக்கம், உடம்பு போட்டது, குளிக்கச் சொன்னால் அழுகை, மலச்சிக்கல். அம்மா போன துக்கம் என்று முதலில் நினைத்தோம். காட்டிய இடத்தில், பெயர் வேண்டாம், ஒரு பெரிய டாக்டர் அவனைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் “இவங்களுக்கெல்லாம் முப்பது தாண்டினா இப்படித்தாம்மா ஆகும், நீங்க மனசைத் தேத்திக்கணும்” என்றார். அவர் சொன்னதில் அரை உண்மை இருக்கிறது, டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு அல்சைமர் மறதி நோய் மற்றவர்களைவிடப் பல வருடம் முன்னாலேயே, நாற்பது ஐம்பது வயதிலேயே வரக்கூடும். ஆனால் அதே மாதிரி மந்தமாக்கக்கூடிய, சரிசெய்யக்கூடிய காரணங்களும் வரிசையில் நிற்கின்றன: தைராய்டு குறைவு, காது மந்தம், கண்புரை, தூக்கத்தில் மூச்சு அடைப்பது, மனச்சோர்வு. இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் “இவங்களுக்கு இப்படித்தான்” என்ற வாக்கியத்துக்கு வர வேண்டும். உடம்பில் எது வந்தாலும் குறைபாட்டின் தலையில் போட்டுவிட்டு அனுப்புவது உலகம் முழுக்க நடக்கிற தப்பு என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். டவுன் சிண்ட்ரோம் இருந்தால் வருடத்துக்கு ஒரு முறை தைராய்டு ரத்தப் பரிசோதனை செய்துவிட வேண்டும், ஏதாவது தொந்தரவு இருந்தாலும் இல்லாவிட்டாலும். எங்களுக்கு 32 வருடமாக யாரும் இதைச் சொல்லவில்லை.

எட்டு மாதம் கழித்து வேறொரு டாக்டரம்மா, சின்ன வயசு, பார்த்ததும் டிஎஸ்எச் என்ற ரத்தப் பரிசோதனை எழுதிக்கொடுத்தார், தைராய்டு குறைந்தால் அந்த எண் ஏறும். 62 வந்தது. நாலுக்குள் இருக்க வேண்டியது. மாத்திரை ஆரம்பித்து ஆறு வாரம் கழித்துப் பார்த்தால் 45. அளவைக் கூட்டினார். மறுபடி ஆறேழு வாரம், 38. மறுபடி கூட்டினார். மூன்றாவது தடவையும் பெரிதாக இறங்காமல் போனபோது சீட்டைத் தள்ளி வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் நேராகத் தம்பியைப் பார்த்து, “காலைல மாத்திரை எப்படிப் போடுவ கண்ணு? எனக்குச் செஞ்சு காட்டு” என்றார். தம்பி எழுந்து நின்று சட்டையைத் தூக்கினான். நர்ஸ் சிரித்துவிட்டார், எனக்கு முகம் சுண்டிவிட்டது. டாக்டரம்மா மட்டும் சிரிக்காமல் “அதுக்கு முன்னாடி என்ன பண்ணுவ?” என்றார். “காபி. வர்க்கி. அப்பா.” அவ்வளவுதான் விஷயம், தைராய்டு மாத்திரையைக் காபியோடும் சாப்பாட்டோடும் போட்டால் உடம்பு சரியாக எடுத்துக்கொள்ளாது, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் இடைவெளி வேண்டும், கால்சியம் இரும்புச்சத்து மாத்திரை என்றால் நாலு மணி நேரம். முறையாகப் போட ஆரம்பித்ததும் கூட்டிய அளவு அதிகமாகிவிடும் என்று உடனே குறைத்தும் எழுதிக்கொடுத்தார்.

“செஞ்சு காட்டு” என்ற இந்த இரண்டு வார்த்தையை நான் பிடித்துக்கொண்டேன். “புரிஞ்சுதா?” என்று கேட்பதை விட்டுவிட்டேன், ஏனென்றால் தம்பி எதற்கும் “சரி” சொல்லுவான். பயத்துக்கு ஒரு சரி, சீக்கிரம் கிளம்பலாம் என்பதற்கு ஒரு சரி, அக்கா சந்தோஷப்படட்டும் என்பதற்கு ஒரு சரி. அவனைப் போன்றவர்கள் பலருக்கும் சின்ன வயதிலிருந்து கிடைத்த பயிற்சியே அதுதான், சரி சொன்னால் யாரும் திட்டுவதில்லை. இன்னொன்று, நீங்கள் இரண்டு பதில் கொடுத்துக் கேட்டால் கடைசியாகச் சொன்னதைத் திருப்பிச் சொல்லிவிடுவார்கள். “வயித்துலயா தலைலயா?” என்றால் “தலைல”. ஆகவே நான் எதைக் கேட்டாலும் கொஞ்ச நேரம் கழித்து மாற்றிப்போட்டு “தலைலயா வயித்துலயா?” என்று இன்னொரு தடவை கேட்பேன். இரண்டு தடவையும் ஒரே பதில் வந்தால்தான் கணக்கு. டாக்டர்களிடமும் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சிலர் ஆச்சரியப்படுகிறார்கள், சிலர் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள்.

சரி, எழுதிப் படம் போட்டுச் சுவரில் ஒட்டிவிடலாம் என்று உட்கார்ந்தேன். வெளிநாட்டில் இதற்கென்று ஒரு முறையே இருக்கிறது, எளிதில் படிக்கும்படி எழுதுவது: ஒரு வரிக்கு ஒரு விஷயம், பக்கத்தில் ஒரு படம், பெரிய எழுத்து. இங்கிலாந்தில் அரசு மருத்துவ சேவைக்கு 2016-லிருந்து இது கடமை, நோயாளிக்கு எந்த வடிவத்தில் புரியுமோ அந்த வடிவத்தில் தகவல் கொடுத்தாக வேண்டும். (இணையத்தில் தேடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அவர்கள் ‘லேர்னிங் டிஸபிலிட்டி’ என்று சொல்வது நாம் இங்கே அறிவுசார் குறைபாடு என்று சொல்வதை. நம் ஊரில் அந்த ஆங்கில வார்த்தைக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கச் சிரமப்படும் குழந்தைகள் என்று அர்த்தம். இந்தக் குழப்பத்தில் எனக்கு ஒரு வாரம் போனது.) அங்கிருந்து ஒரு தைராய்டுத் தாளை எடுத்து, தமிழில் மாற்றி, பிரிண்ட் போட்டு ஒட்டினேன். தோல்வி என்றால் அப்படி ஒரு தோல்வி.

முதலில் படம். காலைச் சாப்பாடு என்று ரொட்டித் துண்டும் கிண்ணமும் போட்டிருந்தார்கள், தம்பி “பன்னு” என்றான், பன் அவனுக்குக் காய்ச்சல் வந்தால் சாப்பிடுகிற சாமான். நர்ஸ் படத்தைப் பார்த்து “கடைக்கார அக்கா” என்றான், நீலச் சட்டை பேண்ட் போட்ட நர்ஸை அவன் எங்கே பார்த்தான். கண்ணாடி டம்ளர் படத்தைப் பார்த்து ஜூஸ் கேட்டான். எல்லாவற்றையும் கிழித்துவிட்டு எங்கள் வீட்டு எவர்சில்வர் டம்ளர், எங்கள் வீட்டுத் தட்டில் நாலு இட்லி, அவன் மாத்திரை பாட்டில், அவன் கை, இவற்றை ஜன்னல் வெளிச்சத்தில் வெள்ளை வேட்டியை விரித்து அதன்மேல் வைத்துப் போட்டோ எடுத்தேன். பின்னணியில் வேறு எதுவும் இருக்கக் கூடாது, ஒரு போட்டோவில் ஓரமாகத் தெரிந்த டிவி ரிமோட்டைத்தான் அவன் முதலில் பார்த்தான்.

அடுத்தது மொழி. நான் எழுதியிருந்தது, “காலை எழுந்தவுடன் மாத்திரையை உட்கொள்ளவும்.” உட்கொள்ளவும்! என் வாழ்நாளில் நான் அந்த வார்த்தையை வாயால் சொன்னதில்லை. பேனாவைப் பிடித்தால் நமக்கெல்லாம் ஆஸ்பத்திரி போர்டு வந்து கையில் உட்கார்ந்துகொள்கிறது. அருந்தவும், அணுகவும், தவிர்க்கவும், சிறுநீர், மலம் கழித்தல், பரிசோதனை மேற்கொள்ளப்படும். யார் மேற்கொள்வார்கள், எதை, எங்கே என்று அந்த வாக்கியத்தில் ஆளே இல்லை. தமிழில் எளிமையாக எழுதுவது என்றால் ஆங்கிலத்தைப் போலப் பெரிய வார்த்தையைச் சின்ன வார்த்தையாக மாற்றுவதோடு முடியாது, எழுத்துத் தமிழிலிருந்து வீட்டில் பேசுகிற தமிழுக்கு இறங்க வேண்டும். “அக்கா ஊசி போடுவாங்க.” “ஒண்ணுக்கு டப்பால புடிச்சுக் குடுக்கணும்.” தம்பி போகிற, அவனைப் போன்றவர்களுக்கான சென்டரில் ஒரு மிஸ் இதைப் பார்த்துவிட்டு, “இப்படிக் கொச்சையா எழுதினா பசங்க தப்பாக் கத்துக்குவாங்களேங்க” என்றார். தமிழ்ப் பாடத்துக்கு அவர் சொல்வது சரி. மாத்திரைக்கு நான் சொல்வது சரி. இன்னும் எங்களுக்குள் இது தீரவில்லை, எங்கள் வீட்டுத் தாளில் அப்படியே இருக்கட்டும், சென்டர் சுவரில் நடுவாந்திரமாக எழுதலாம் என்கிற ஒரு ஒப்பந்தத்தில் ஓடுகிறது.

ஆனால் பெரிய அடி விழுந்தது ‘கூடாது’ என்ற வார்த்தையில்தான். மாத்திரைக்கு முன் காபி குடிக்கக் கூடாது. இந்த வாக்கியத்தை நீங்களே காதால் கேட்டுப் பாருங்கள். மாத்திரை வருகிறது, காபி வருகிறது, குடிக்க வருகிறது, எல்லாம் வந்து முடிந்த பிறகு கடைசியில் போனால் போகட்டும் என்று கூடாது வருகிறது. தம்பிக்கு அதற்குள் காபி வாசனையே வந்துவிடும். ‘குடிக்காதே’ என்றாலும் வித்தியாசமில்லை, மறுப்பு வாலில்தான் தொங்குகிறது. சரி படத்தில் சொல்லலாம் என்று காபி டம்ளர் மேல் சிவப்பில் பெருக்கல் குறி போட்டேன். அவன் குறியைப் பார்க்கவில்லை, காபியைப் பார்த்தான். தினமும் மாத்திரை நேரத்தில் கண்ணுக்கு நேராகக் காபி படத்தை ஒட்டிவைத்து அவனுக்கு ஞாபகப்படுத்திக்கொண்டிருந்தேன். அதிலிருந்து எந்தத் தாளிலும் செய்யக் கூடாததை எழுதுவதில்லை. செய்ய வேண்டியதை வரிசையாக மட்டும்.

முதல்ல மாத்திரை.
அப்புறம் குளியல்.
அப்புறம் பால் பாக்கெட்.
அப்புறம் காபி.

இவ்வளவுதான் தாள். அரை மணி நேரம் என்பது அவனுக்கு ஒன்றுமே இல்லை, கடிகாரம் தெரியாது, ஆனால் குளித்துத் துணி மாற்றி, முக்கு வரைக்கும் நடந்து, பால் வாங்கி, வழியில் நாலு பேருக்கு வணக்கம் வைத்துவிட்டு வந்தால் நாற்பது நாற்பத்தைந்து நிமிடம் ஆகிவிடுகிறது. நேரத்தை வேலையாக மாற்றிவிட்டேன். உடம்பு தேறத் தேற பால் பாக்கெட்டும் திரும்ப வந்தது. மருந்துக்கடையில் கவரின் மேல் 1-0-1 என்று எழுதிக் கொடுப்பார்கள் இல்லையா, அதைப் பற்றியும் சொல்ல வேண்டும். படித்தவர்களுக்கே அது மாத்திரை எண்ணிக்கையா வேளையா என்று ஒரு நொடி இடிக்கும். இப்போது அதன் கீழே நானே பேனாவில் ஒரு சூரியனும் ஒரு நிலாவும் வரைந்துவிடுகிறேன், நடுவில் இருக்கும் பூஜ்யத்துக்கு ஒன்றும் வரைவதில்லை. அப்பாவின் பிரஷர் மாத்திரை கவருக்கும் வரைகிறேன், அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

வலி விஷயம் இதைவிடக் கஷ்டம். போன வருடம் ஒரு வாரம் முழுக்கக் கன்னத்தில் தானே அறைந்துகொண்டான், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டான். அடம் என்றார்கள், பேய்க்குணம் என்றுகூட ஒரு சொந்தக்காரர் சொன்னார். போன இடத்தில் ஒரு அட்டை காட்டினார்கள், சிரிக்கிற மூஞ்சியில் ஆரம்பித்து அழுகிற மூஞ்சி வரைக்கும் வரிசையாக ஆறு, எது உன் வலி என்று தொட வேண்டும். தம்பி சிரிக்கிற மூஞ்சியைத் தொட்டான். மறுபடி கேட்டார்கள், மறுபடியும் அதையே. அவனுக்கு அழகான மூஞ்சியைத் தொடச் சொன்னார்கள் என்று எண்ணம். ‘வலி இல்லை’ என்று சீட்டில் எழுதிவிட்டார்கள். இரண்டு நாள் கழித்துக் கன்னம் வீங்கியது, கடைவாய்ப் பல்லின் வேரில் சீழ்.

தமிழில் வலிக்கு எத்தனை வார்த்தை இருக்கிறது, குத்துது, கடுக்குது, எரியுது, இழுக்குது, விண்ணு விண்ணுங்குது. அவனிடம் இருப்பது ஒன்றுதான், “வலி”. அதையும் பசிக்கும் பயத்துக்கும் சேர்த்துச் சொல்லுவான். அதற்காக இப்போது நாங்கள் செய்வது, அவனை நிற்கவைத்து முன்பக்கம் பின்பக்கம் முழு உருவமாக எடுத்த இரண்டு போட்டோ, லேமினேட் பண்ணி வைத்திருக்கிறேன். பொம்மைப் படம் அவனுக்கு வேறு ஆள், இது அவனே. “எங்க?” என்று கேட்டால் படத்தில் தொடுவான், உடனே அவன் உடம்பில் நான் அதே இடத்தைத் தொட்டுப் பார்ப்பேன். எங்கே என்பது இப்படிக் கிடைத்துவிடுகிறது, எவ்வளவு என்பதை அவனிடம் கேட்பதை விட்டுவிட்டு நடத்தையில் பார்க்கிறோம். நன்றாக இருக்கும் நாளில் அவன் எப்படி இருப்பான் என்று ஒரு பட்டியல் எழுதிவைத்தேன், எத்தனை இட்லி, எப்படி உட்காருவான், எவ்வளவு பேசுவான், இரவில் எத்தனை முறை எழுவான். இதிலிருந்து விலகினால் ஏதோ இருக்கிறது. அடித்துக்கொள்கிறான், கடித்துக்கொள்கிறான் என்றால் முதலில் பல், காது, மலச்சிக்கல் மூன்றையும் பார்த்துவிட்டு அப்புறம் குணத்தைப் பற்றிப் பேசலாம்.

ஊசி. எங்கள் வீட்டில் முப்பது வருடமாக ஓடிய பொய், “எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும் கண்ணு.” தம்பிக்கு ஊசியைவிட எறும்பைக் கண்டால் பயம் என்பதை யாரும் யோசிக்கவில்லை, லேபில் நாற்காலிக்கு அடியில் குனிந்து எறும்பு தேடுவான். “ரத்தம் எடுக்கப் போறாங்க” என்பதும் அப்படித்தான், எடுத்தால் தீர்ந்துபோகாதா? இப்போது, “கொஞ்சூண்டு ரத்தம். இந்த டப்பா அளவு. வலிக்கும். பத்து எண்ணினா முடிஞ்சுது” என்று காலி டப்பாவைக் காட்டிச் சொல்கிறோம். வலிக்கும் என்று சொல்லாதீர்கள், பயந்துவிடுவான் என்று லேபில் என்னிடம் சண்டைக்கு வந்தார்கள். வலிக்காது என்று சொல்லி வலித்ததால்தான் அவன் ஆறு வருடம் லேப் வாசலில் உட்கார்ந்துகொண்டு உள்ளே வர மறுத்தான். பத்து நாள் முன்பிருந்து வீட்டில் ஒத்திகை பார்ப்போம், தலைக்குப் போடும் ரப்பர் பேண்டைக் கையில் மாட்டி, பஞ்சால் துடைத்து, பேனா மூடியால் லேசாக அழுத்தி, பத்து எண்ணி, முடிஞ்சுது. முதலில் எனக்கு அவன் போடுவான், அப்புறம் நான் அவனுக்கு. ஒரு நாள் லேபுக்குப் போய் நாற்காலியில் சும்மா உட்கார்ந்துவிட்டு வருவோம், கூட்டமில்லாத நேரம் எது என்று கேட்டுவைத்துக்கொண்டால் பெரும்பாலும் மறுப்பதில்லை. சோதனை நாளில் முதல் டோக்கன், அது கிடைக்காவிட்டால் ஆட்டோவிலேயே உட்காரவைத்துவிட்டு முறை வரும்போது அழைத்துக்கொள்வது. தோல் மரத்துப்போகிற க்ரீம் ஒன்று இருக்கிறது, ஒரு மணி நேரம் முன்பே தடவ வேண்டும், டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

சென்டரில் இருக்கும் மற்ற பெற்றோர்களோடு பேசியபோது என்னுடையதெல்லாம் சின்ன விஷயம் என்று தெரிந்தது. ஒரு பெண், இருபது வயதிருக்கும். அவளுக்கு மாதவிலக்கைப் பற்றி வீட்டில் சொல்லியிருந்த வார்த்தைகள் மூன்று: தூரம், வீட்டுக்கு விலக்கு, தள்ளி உட்காரு. மாதம் ஒரு முறை உடம்பிலிருந்து ரத்தம் வருகிறது, உடனே எல்லோரும் அவளைத் தள்ளி உட்காரச் சொல்கிறார்கள். அவள் அதை ஏதோ தப்பு செய்ததற்குத் தண்டனை என்று நினைத்து ரத்தத் துணியை ஒளித்துவைக்க ஆரம்பித்தாள், மெத்தைக்கு அடியிலிருந்து எடுத்தார்கள். அவளுக்கு அவள் அம்மாவும் மிஸ்ஸும் சேர்ந்து செய்த தாளில் ஏழு போட்டோ, நாப்கின் பாக்கெட், ஜட்டியில் ஒட்டுவது, சிவப்பு மை ஊற்றிய நாப்கின், பேப்பரில் சுருட்டுவது, குப்பைக்கூடை, சோப்புப் போட்டுக் கை கழுவுவது. கடைசிப் படத்தில் அவள் வீட்டில் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். அந்தக் கடைசிப் படத்துக்குப் பாட்டியைச் சம்மதிக்க வைக்கத்தான் இரண்டு மாதம் ஆனதாம்.

உடம்பின் எல்லாப் பாகத்துக்கும் அவர்களுக்கு ஒரு பெயர் கொடுங்கள். ‘அங்க’, ‘அது’, ‘ஷேம் ஷேம்’ என்று சொல்லிப் பழக்கிய பிள்ளை, அங்கே அரிப்பு என்றாலும் சொல்ல முடியாது, யாராவது தொட்டாலும் சொல்ல முடியாது. என் தம்பிக்கு ஆண்குறிக்கு ஒரு வார்த்தையே இல்லாமல் 33 வயது ஆகியிருந்தது, எங்கள் வீட்டில் யாருக்கும் கூச்சமில்லாமல் சொல்ல வரவில்லை. கடைசியில் என் கணவர்தான் ஒரு நாள் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். குடும்பத்தில் வீட்டுக்கு வீடு ஒரு வார்த்தை இருக்கும், எதுவாக இருந்தாலும் சரி, டாக்டருக்கும் டீச்சருக்கும் புரிகிற வார்த்தையாக இருக்கட்டும். ஆஸ்பத்திரியில் “மோஷன் போச்சா?” என்று கேட்கிறார்கள், “ரெண்டுக்குப் போனியா?” என்று கேட்டால் பதில் வரும்.

இன்னொரு தாள் இருக்கிறது, அது தம்பிக்கு இல்லை, டாக்டருக்கு. இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளில் இதைப் பாஸ்போர்ட் என்கிறார்கள், சிவப்பு, மஞ்சள், பச்சை என்று சிக்னல் மாதிரி மூன்று பங்கு. சிவப்பில் தெரியாவிட்டால் ஆபத்தானவை: என்ன மாத்திரை, எது ஒவ்வாது, இதயத்தில் என்ன. டவுன் சிண்ட்ரோம் என்றால் சிவப்பில் கழுத்தையும் எழுதுங்கள், சிலருக்குக் கழுத்தின் மேல் எலும்புகள் தளர்வாக இருக்கும், மயக்க மருந்து கொடுக்கும்போது தலையை அழுத்திப் பின்னால் சாய்த்தால் தண்டுவடத்துக்கு ஆபத்து. பல் பிடுங்கப் போனபோது இந்த ஒரு வரியைப் படித்துவிட்டு மயக்க மருந்து டாக்டர் என்னைக் கூப்பிட்டுப் பத்து நிமிடம் பேசினார். மஞ்சளில் எப்படிப் பேச வேண்டும் என்பது: இவனிடம் நேராகப் பேசுங்கள், ஒரு நேரத்தில் ஒரு கேள்வி, பதிலுக்குப் பத்து எண்ணும் வரை காத்திருங்கள், பின்னாலிருந்து தொடாதீர்கள். பச்சையில் பிடித்தவை. பச்சையை யாரும் படிக்க மாட்டார்கள் என்றுதான் நினைத்தேன், ஆனால் “பஸ் டிரைவர்களைப் பிடிக்கும்” என்பதைப் படித்துவிட்டு ஒரு வார்டு பாய் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டே “ஈரோடு, பவானி, மேட்டூர்” என்று கத்தினார், தம்பி விசிலடித்துக்கொண்டே தியேட்டருக்குள் போனான். ஒரே பக்கம், முன்னும் பின்னும் கூட வேண்டாம். இரண்டு பக்கம் எழுதியபோது யாரும் படிக்கவில்லை.

கையெழுத்து பற்றி ஒரு வார்த்தை. 18 வயது தாண்டினால் அவனும் சட்டப்படி பெரியவன்தான். தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999-இல் வந்தது, அதன்படி தேவைப்பட்டால் கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழு மூலம் சட்டப்பூர்வப் பாதுகாவலராகலாம், அப்பா அப்படித்தான் ஆகியிருக்கிறார், சில ஆஸ்பத்திரிகளில் ஆபரேஷனுக்கு அந்தச் சான்றிதழைக் கேட்கிறார்கள். ஆனால் அப்பா கையெழுத்துப் போடுவதற்கு முன்பு தம்பியிடம் படத்தைக் காட்டிச் சொல்லி, அவன் தன் பெயரின் முதல் எழுத்தைத் தாளின் ஓரத்தில் போடுகிறான். அதற்குச் சட்ட மதிப்பு ஒன்றும் இல்லை. இருந்தாலும் தன் எழுத்தைப் போட்ட நாளில் அவன் ஓடுவதில்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ‘தகவல் தொடர்பு’ என்றால் என்ன என்று சொல்கிற இடத்தில் பிரெய்ல், சைகை மொழியோடு சேர்த்து எளிய மொழியையும் எழுதியிருக்கிறார்கள். சாய்வுதளம் இல்லை என்றால் கேட்கிறோம், சரியான சண்டை அது. உட்கொள்ளவும் என்று எழுதியிருந்தால் இதுவரை நானும் எங்கேயும் கேட்டதில்லை.

இந்த வாரம் புதுப் பிரச்சினை. வழக்கமான கடையில் அவன் மாத்திரை தீர்ந்துபோய் வேறு கம்பெனி கொடுத்துவிட்டார்கள், பாட்டிலின் நிறம் வேறு, மூடி வேறு. “அதே மருந்துதாங்க” என்றார் கடைக்காரர். தம்பி சுவரில் இருக்கும் போட்டோவைப் பார்த்தான், பாட்டிலைப் பார்த்தான், “என்து இல்ல” என்று அப்பா கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டான். அப்பா இட்லிக்குள் வைத்துக் கொடுக்கலாமா என்று போனில் கேட்டார். இட்லியோடு போனால் பழைய கதை, அதோடு ஒரு தடவை சாப்பாட்டில் ஒளித்ததைக் கண்டுபிடித்துவிட்டால் அப்புறம் இட்லியும் போய்விடும் மாத்திரையும் போய்விடும். தைராய்டுக்கு முடிந்தவரை ஒரே கம்பெனியில் நிற்பது நல்லது என்று டாக்டரம்மாவும் முன்பே சொல்லியிருந்தார். மூன்று கடை ஏறி இறங்கிப் பழையதையே வாங்கிவிட்டேன், அதற்குள் இரண்டு நாள் மாத்திரை போகவில்லை. புதுப் பாட்டிலையும் வேட்டி விரித்துப் போட்டோ எடுத்து, பழையதற்குப் பக்கத்தில் ஒட்டி, இரண்டும் உன்னுடையதுதான் என்று இன்றிலிருந்தே பழக்க வேண்டும், மறுபடி கிடைக்காமல் போகும் நாள் வரும். நேற்று காலை பழைய பாட்டிலைப் பார்த்ததும் ஒன்றும் சொல்லாமல் பனியனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போட்டுக்கொண்டான். அதை மட்டும் நாங்கள் மாற்றச் சொல்லவில்லை.